சரக்குந்துத் தடங்காட்டி

சரக்குந்துத் தடங்காட்டி என்பது, பேச்சுவழக்கில் லாரி எனப்படும் சரக்குந்தின் ஓட்டுநருக்குச் செயற்கைக்கோள் குறிப்பலைகளின் துணையுடன் செல்லவேண்டிய வழியைத் திரையிலும் குரலிலும் அறிவிக்கும் கருவி ஆகும். ஊர்தியின் உயரம், அகலம், நீளம், எடை, அச்சுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு, அவ்வூர்தியால் செல்ல இயலாத அல்லது செல்ல அனுமதியற்ற சாலைகளைத் தவிர்த்து வழி கூறுவதே மகிழுந்துத் தடங்காட்டியிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது. இத்தகைய கருவியைத் தெரிவு செய்யும்போது கருத வேண்டியவற்றை, புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலிருந்து புறப்படும் சரக்குந்துகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வெளிநாடுகளில் சரக்குந்து ஓட்டுநர்களுக்கெனத் தனியாக விற்கப்படும் கருவிகளைப் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, அவற்றுள் ஒன்றை இந்தியாவில் பயன்படுத்தலாம் எனக் கருதுவோர் பலர். இங்கு சிக்கல் கருவியில் இல்லை. கருவிக்குள் இருக்கும் வரைபடத்தில் உள்ளது. ஒரு சுரங்கப்பாதையின் உயரம் வரைபடத்தில் பதியப்படவில்லை எனில், எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் அதன் வழியே லாரியை அனுப்பிவிடும்.

பெயரால் எழும் குழப்பம்

இந்தியச் சந்தையில் "லாரிக்கு ஜி.பி.எஸ்." என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடங்காட்டி அன்று, தடங்காணி ஆகும். இவை இரண்டும் வெவ்வேறானவை. தடங்காட்டி ஓட்டுநருக்கு வழி சொல்கிறது. தடங்காணியோ ஊர்தி எங்குள்ளது என்பதைச் செல்பேசி வலையமைப்பின் வழியாக உரிமையாளருக்கோ அரசின் கட்டுப்பாட்டு மையத்துக்கோ தெரிவிக்கிறது. அதில் திரையே இருப்பதில்லை. இயக்குமுகப்பின் பின்புறம் மறைத்துப் பொருத்தப்படும் சிறு பெட்டியாகவே அது இருக்கும்.

தடங்காணிகளுக்கான இந்தியத் தரநிலை ஏ.ஐ.எஸ். 140 எனப்படுகிறது. 2016 நவம்பரில் மைய மோட்டார் ஊர்தி விதிகளில் சேர்க்கப்பட்ட 125-எச் விதி, பயணியரை ஏற்றிச்செல்லும் பொதுச்சேவை ஊர்திகளில் இத்தகைய கருவியையும் அவசரப் பொத்தானையும் கட்டாயமாக்கியது. பின்னர், தீங்கு விளைவிக்கக்கூடிய சரக்குகளையும் வளிமங்களையும் ஏற்றும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்குந்துகளுக்கும் இக்கடப்பாடு நீட்டிக்கப்பட்டது. புதிய வகை ஊர்திகளுக்கு 2022 செப்டம்பர் 1 முதலும், ஏற்கெனவே உற்பத்தியில் இருந்த வகைகளுக்கு 2023 சனவரி 1 முதலும் இது பொருந்துகிறது. ஆகவே வேதிப்பொருள் ஏற்றும் லாரி ஒன்றில் தடங்காணி இருப்பதாலேயே அதன் ஓட்டுநருக்கு வழி தெரியும் என எண்ணிவிடக் கூடாது. உரிமையாளர் தடங்காணிக்குப் பணம் செலவழித்துவிட்டு, வழியறியும் பொறுப்பை ஓட்டுநரின் சொந்தச் செல்பேசிக்கும் அவருடைய சொந்த இணையக் கட்டணத்துக்கும் விட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் நிலையாகும். வண்டி ஏன் அரை மணி நேரம் நின்றது எனக் கேட்பதற்குத் தடங்காணி உதவுகிறது. வண்டி அங்கே ஏன் சிக்கிக்கொண்டது என்பதற்கான விடை பெரும்பாலும் தடங்காட்டியில்தான் இருக்கும்.

இயங்கும் முறை

ஐக்கிய அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978ஆம் ஆண்டு ஏவப்பட்டது. 1995இல் அவ்வமைப்பு முழுச் செயற்பாட்டை எட்டியது. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கின் குறிப்பலைகள் கிடைத்தால், அவை வந்துசேரும் கால வேறுபாட்டைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. பொதுமக்களுக்கான குறிப்பலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்ட பின்னரே, சாலையில் பயன்படும் அளவுக்குத் துல்லியம் அனைவருக்கும் கிடைத்தது. உருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியனவும் இவ்வாறே இயங்குகின்றன.

இந்தியாவின் நாவிக் அமைப்பு, 2013 சூலை 1 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளுடன் தொடங்கியது. தொடக்ககாலச் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் பழுதடைந்தமையால் மாற்றுச் செயற்கைக்கோள்கள் தேவைப்பட்டன. உள்நாட்டிலேயே உருவாக்கிய அணுக்கடிகாரத்துடன் என்.வி.எஸ்.-01 2023 மே 29 அன்று ஏவப்பட்டது. 2025 சனவரியில் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-02 உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. எனவே நாவிக் வசதி இருப்பது நன்று என்றாலும், அது ஒன்றை மட்டுமே நம்பிக் கருவியைத் தெரிவு செய்தல் ஆகாது. பல அமைப்புகளின் குறிப்பலைகளை ஒருங்கே பெறும் கருவியே ஏற்றது. இன்றைய திறன்பேசிகளுள் பெரும்பாலானவை அத்தகையனவே.

இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் அறிவது இன்று எளிதாகிவிட்டது. ஆனால் மேம்பாலத்தின் மேலே செல்கிறோமா, அதன் கீழுள்ள அணுகுசாலையில் செல்கிறோமா என்பதைப் பல கருவிகளால் இன்னும் உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை. மகிழுந்து எனில் அடுத்த திருப்பத்தில் திரும்பிக்கொள்ளலாம். 40 அடி பெட்டகம் ஏற்றிய டிரெய்லர் திரும்புவதற்கு இடம் தேடிப் பல கிலோமீட்டர் செல்ல நேரிடும்.

சேதராப்பட்டின் அமைவிடம்

சேதராப்பட்டு, புதுச்சேரி நகருக்கு வடமேற்கே, மயிலம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. பிப்டிக் எனப்படும் புதுச்சேரி அரசின் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை இங்கு உள்ளது. புதுச்சேரியின் நிலப்பகுதி தொடர்ச்சியற்றது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்களுக்கிடையே தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்கள் ஊடுருவிக் கிடக்கின்றன. சேதராப்பட்டிலிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் சரக்குந்து விரைவில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்துவிடும்.

சென்னையை நோக்கிச் செல்பவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மயிலம் வழியாகக் கூட்டேரிப்பட்டில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை அடைவது. மற்றொன்று, கிழக்கே திருச்சிற்றம்பலம் கூட்டுச்சாலைக்குச் சென்று புதுச்சேரி–திண்டிவனம் நெடுஞ்சாலையைப் பிடிப்பது. தொலைவை மட்டுமே கணக்கிடும் கருவிக்கு இரண்டும் சாலைகள்தாம். ஆனால் முதல் வழி ஊர்களின் நடுவே செல்கிறது. மயிலம் முருகன் கோயிலின் பங்குனி உத்திரத் திருவிழா நாளில் அவ்வழியே கனரக ஊர்தியைக் கொண்டுசெல்ல முயல்வது வீண்முயற்சி. இதை எந்தக் கருவியும் சொல்வதில்லை, அவ்வூர்க்காரர்களே சொல்வார்கள்.

ஊர்ப்பெயர்கள் மற்றொரு இடையூறு. புதுச்சேரியில் கனரக ஊர்தி முனையமும் தொழிற்பேட்டையும் உள்ள இடத்தின் பெயர் மேட்டுப்பாளையம். நீலகிரி மலையடிவாரத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் உள்ள நகரமும் மேட்டுப்பாளையமே. தேடல் முடிவுகளில் பெரிய ஊரே முதலில் வருவது இயல்பு. இவ்வாறே புதுச்சேரியின் திருபுவனை, கும்பகோணம் அருகிலுள்ள திருபுவனம், சிவகங்கை மாவட்டத்தின் திருப்புவனம் ஆகிய மூன்றும் ரோமன் எழுத்தில் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. சேதராப்பட்டின் பெயரே ரோமன் எழுத்தில் பலவாறு எழுதப்படுகிறது. வடமாநிலத்திலிருந்து சரக்குடன் வரும் ஓட்டுநர் ஊர்ப்பெயரைத் தட்டச்சிட்டுத் தேடுவதைவிட, தொழிற்சாலை வாயிலின் நிலநேர்க்கோட்டு, நிலநிரைக்கோட்டு எண்களைப் பெற்று உள்ளிடுவதே சிறந்தது. ஆகையால், ஆயத்தொலைவுகளை நேரடியாக ஏற்கும் வசதியும் தமிழ் எழுத்தில் தேடும் வசதியும் கருவியில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

உயரமும் எடையும்

சரக்குந்துத் தடங்காட்டியின் தேவை முதன்மையாக உயரத்தில்தான் தெளிவாகிறது. பன்னாட்டுத் தரச் சரக்குப்பெட்டகத்தின் வழக்கமான உயரம் 2.59 மீட்டர். உயர்வகைப் பெட்டகத்தின் உயரம் 2.90 மீட்டர். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 1.5 மீட்டர் எனக் கொண்டால், முதலாவது 4.09 மீட்டரும் இரண்டாவது 4.40 மீட்டரும் ஆகின்றன. வண்டி ஒன்றே, ஓட்டுநரும் ஒருவரே. காலையில் சென்ற வழியில் மாலையில் செல்ல இயலாமற்போவதற்கு இந்த 31 சென்டிமீட்டர் போதுமானது. எனவே கருவியில் ஊர்தியின் அளவுகளை ஒருமுறை பதிந்துவிட்டு மறந்துவிடுதல் கூடாது. ஏற்றும் பெட்டகத்துக்கேற்ப மாற்றவேண்டும். அளவுகளை மாற்றுவது எளிதாக உள்ளதா, அல்லது பல பட்டியல்களுக்குள் புதைந்துள்ளதா என்பது கடையிலேயே சோதித்துப் பார்க்கத்தக்கது.

திறந்த லாரிகளில் உயரம் என்பது பெட்டியின் உயரம் அன்று. தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டிய பின்னுள்ள மிகு உயரமே கணக்கு. சுமை இறக்கியபின் விற்சுருள்கள் நிமிர்ந்து வண்டி சிறிது உயரும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. சுமையுடன் உரசாமல் கடந்த மூடிய வண்டி, வெறுமையாகத் திரும்பும்போது மேலே தட்டுவதற்கு இதுவே காரணம்.

தேசிய நெடுஞ்சாலைகளின் மேம்பாலங்கள் போதிய உயரத்துடன் கட்டப்படுவதால் அங்கு இடர் குறைவு. இடர் மிகுவது, ஆளில்லாத கடவுப்பாதைகளுக்கு மாற்றாகத் தொடர்வண்டிப் பாதையின் கீழே அமைக்கப்பட்ட சுரங்கப்பாதைகளில்தான். இவற்றுட் பல 4 மீட்டருக்கும் குறைவான உயரம் உடையவை. நுழைவாயிலில் இரும்பால் ஆன உயரத் தடுப்பு இருக்கும். மழைக்காலத்தில் இவற்றில் நீர் தேங்குவது ஆண்டுதோறும் நிகழ்வது. மகிழுந்துக்கான செயலி, நெடுஞ்சாலையில் நெரிசல் கண்டவுடன் ஊர்ச்சாலைகளின் வழியே மாற்றுவழி காட்டும்போது, இத்தகைய சுரங்கப்பாதைகளை நோக்கியே லாரியைத் திருப்பிவிடக்கூடும். பின்னால் வரிசையாக ஊர்திகள் நிற்க, குறுகிய சாலையில் டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கவேண்டிய நிலையில் ஓட்டுநர் தனித்து நிற்பார். கிளீனர் எனப்படும் உதவியாளர் இல்லாமல் ஓட்டும் வழக்கம் பெருகிவிட்ட இக்காலத்தில் இறங்கிப் பின்புறம் பார்த்துச் சொல்லவும் ஆளில்லை.

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்காம் நகரிலுள்ள தொடர்வண்டிப் பாலம் ஒன்று, 11 அடி 8 அங்குல உயரத்தில் எண்ணற்ற லாரிகளின் கூரைகளை உரித்துப் புகழ்பெற்றது. 2019இல் அது 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தப்பட்டது. அதன் பின்னும் லாரிகள் மோதுவது நிற்கவில்லை. பிரித்தானியாவில் சிற்றூர்ச் சந்துகளில் லாரிகள் சிக்கிக்கொள்வது மிகுந்தமையால், தடங்காட்டியைப் பின்பற்ற வேண்டாம் என எச்சரிக்கும் சாலைப் பலகைகளே வைக்கப்பட்டன.

எடையைப் பொறுத்தவரை, 2018 சூலையில் இந்திய அரசு அச்சுச்சுமை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், டாரஸ் என வழங்கும் மூன்று அச்சு லாரியின் வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் ஆயின. ஊர்ப்புறத் தரைப்பாலங்களும் சிறுபாலங்களும் அவ்வாணையால் வலுப்பெற்றுவிடவில்லை. எடைக் கட்டுப்பாடுள்ள பாலங்கள் பதியப்பட்ட வரைபடம் இந்தியாவுக்கு அரிது. இவ்வகையில் பாலத்தருகே உள்ள அறிவிப்புப் பலகையே இன்றளவும் நம்பத்தக்கது.

வரைபடத்தின் வயது

2010ஆம் ஆண்டு இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் புதிய எண்கள் வழங்கப்பட்டன. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகக் கிருட்டிணகிரி செல்லும் சாலை அதற்கு முன்னர் தே.நெ. 66 எனப்பட்டது. இன்று அதில் புதுச்சேரி–திண்டிவனம் பகுதி தே.நெ. 32 ஆகவும், திண்டிவனம்–கிருட்டிணகிரி பகுதி தே.நெ. 77 ஆகவும் உள்ளன. விழுப்புரம்–புதுச்சேரிச் சாலை 45-ஏ என்பதிலிருந்து 332 ஆயிற்று. தே.நெ. 66 என்னும் எண்ணோ மேற்குக் கடற்கரையில் பன்வேல்–கன்னியாகுமரி சாலைக்குச் சென்றுவிட்டது. பழைய வரைபடம் கொண்ட கருவி "66இல் செல்லவும்" என்று கூறினால், சாலையோரப் பலகைகளில் அவ்வெண்ணை ஓட்டுநர் தேடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். மூத்த ஓட்டுநர்கள் பலர் இன்றும் பழைய எண்களையே சொல்வதும் குழப்பத்தைக் கூட்டுகிறது.

எண் மாற்றமாவது பெயரளவிலானது. சாலைகளே புதிதாக வரும்போது பழைய வரைபடம் பணத்தை விழுங்குகிறது. சேதராப்பட்டிலிருந்து எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குச் செல்லும் லாரி சென்னை நகருக்குள் நுழையத் தேவையில்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. நீளமுள்ள வெளிவட்டச் சாலை உள்ளது. அதன் முதற்கட்டம் நெமிலிச்சேரி வரை 2014இலும், மீஞ்சூர் வரையான இரண்டாம் கட்டம் 2021இலும் திறக்கப்பட்டன. 2013இல் வாங்கி, பின்னர் இற்றைப்படுத்தாத கருவி ஒன்று இச்சாலையை அறியாது. சென்னை நகரச் சாலைகளில் கனரக ஊர்திகளுக்குப் பகல்நேரக் கட்டுப்பாடுகள் உள்ளமையால், அது காட்டும் நகரவழியில் சென்றால் எங்காவது ஓரமாக நிறுத்தி இரவு வரை காத்திருக்க நேரும். விழுப்புரம்–புதுச்சேரி–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையும் அண்மை ஆண்டுகளில் பகுதி பகுதியாகவே திறக்கப்பட்டது. ஆதலால் வாழ்நாள் முழுமைக்கும் கட்டணமின்றி வரைபடம் இற்றைப்படுத்தப்படுமா என்ற கேள்வியே விலையைப் பற்றிய கேள்விக்கு முன்னர் வரவேண்டும்.

புதிய சாலையைத் தெரியாமை செலவு. இல்லாத சாலையை இருப்பதாகக் காட்டுதல் உயிரிழப்பு. உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, முன்னர் வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து 2024 நவம்பர் 24 அன்று மகிழுந்து ஒன்று ஆற்றில் விழுந்ததில் மூவர் இறந்தனர். தடங்காட்டும் செயலி காட்டிய வழியில் அவர்கள் சென்றதாகச் செய்திகள் வெளிவந்தன. பாலத்தின் முனையில் தடுப்பு வைக்காததும் குற்றமே. இரவில் முன்விளக்கின் எல்லைக்குள் தெரிவதை மட்டும் நம்பி ஓட்டும் பழக்கம் இருந்தால், இவ்விரண்டு குறைகளும் சேர்ந்தபோதும் தப்பிக்க வாய்ப்புண்டு.

சேமித்த வரைபடம், நேரடித் தகவல் ஆகிய இரண்டும் தேவை என்பதற்கு ஃபெஞ்சல் புயல் அண்மைய எடுத்துக்காட்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அப்புயலால் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மிகுந்த மழை புதுச்சேரியில் பெய்தது. தென்பெண்ணை ஆற்று வெள்ளத்தால் டிசம்பர் தொடக்கத்தில் விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நிறுத்தப்பட்டது. வரைபடத்தில் அச்சாலை இருந்தது. நிலத்தில் நீர் இருந்தது. இணைய வழியே நெரிசலையும் சாலை மூடலையும் பெறாத தனிக்கருவி இத்தகைய நாளில் பயனற்றது. அதே நாளில் செல்பேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி அணைந்துவிட்டால், இணையத்தையே முற்றிலும் நம்பும் செயலியும் பயனற்றதாகிவிடும்.

நேரக் கட்டுப்பாடுகளும் மின்வழிச்சீட்டும்

2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் மாநில எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கின. மாற்றாக 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 உரூபாவுக்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடக்கும்போது மின்வழிச்சீட்டு கட்டாயமாயிற்று. சேதராப்பட்டைப் பொறுத்தவரை சென்னைக்கு அனுப்பும் சரக்கும் மாநிலம் கடக்கும் சரக்கே.

மின்வழிச்சீட்டின் செல்லுபடிக் காலம் தொலைவைச் சார்ந்தது. 2021 சனவரி 1 முதல் ஒவ்வொரு 200 கி.மீ.க்கும் ஒரு நாள். அதற்கு முன்னர் 100 கி.மீ.க்கு ஒரு நாளாக இருந்தது. அளவு மீறிய பெருஞ்சரக்குக்கு 20 கி.மீ.க்கு ஒரு நாள். ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு நாளே கிடைக்கும். தவறான வழியில் சென்று, நகர எல்லையில் இரவு வரை காத்து நின்றால் அந்த ஒரு நாள் கரைந்துவிடும். காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்னரும், காலாவதியான பின் 8 மணி நேரத்துக்குள்ளும் மட்டுமே நீட்டிக்க இயலும். நீட்டிக்காத சீட்டுடன் பிடிபட்டால் சரக்கும் வண்டியும் தடுத்து நிறுத்தப்படலாம். எனவே வந்துசேரும் நேரத்தை மகிழுந்தின் வேகத்தில் கணக்கிடும் கருவி, லாரி ஓட்டுநருக்குக் குறைத்த கணக்கையே காட்டுகிறது என்பதை மனத்திற்கொள்ளவேண்டும். லாரிக்குரிய உச்ச வேகத்தைக் கருவியில் தாமே குறிக்கும் வசதி இருப்பது நன்று.

மலைப்பாதைகளில் நேரக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ சரக்கை இறக்கிவிட்டு மைசூருக்கு அடுத்த சரக்கை ஏற்றும் லாரிக்கு, சத்தியமங்கலத்தைக் கடந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையே குறுக்குவழி. வனவிலங்குகள் அடிபடுவதைத் தடுக்கும் பொருட்டு, சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2022 பிப்ரவரி 10 முதல் அங்கு மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை சரக்கு ஊர்திகளுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. கருநாடகத்தின் பந்திப்பூர் வழியில் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை உள்ளது. பெங்களூருக்குச் செல்பவர்கள் செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகச் செல்லும் தே.நெ. 77ஐ விட்டு, சேலம் வழியாகச் சென்றால் தொப்பூர்க் கணவாயைக் கடக்க நேரிடும். அதன் சரிவு கனரக ஊர்திகளின் விபத்துகளுக்குப் பெயர்பெற்றது.

கருவி வகைகள்

கார்மின் நிறுவனத்தின், எரிபொருளின் பெயரையே ஒலிப்பில் கொண்ட "டீசல்" வரிசை, டாம்டாம் நிறுவனத்தின் தொழில்முறைக் கருவிகள், ராண்ட் மெக்னல்லியின் கருவிகள் ஆகியன சரக்குந்துக்கென்றே உருவாக்கப்பட்டவை. இவற்றின் பாலவுயர, எடைத் தரவுகள் பெரிதும் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆத்திரேலியா ஆகியவற்றுக்கானவை. வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் ஒருவர் வாங்கிவரும் கருவியில் இந்திய வரைபடத்தை ஏற்றினாலும், அது மகிழுந்து வரைபடமாகவே அமையும். பெட்டியின் மேலுள்ள லாரிப் படத்தைக் கண்டு ஏமாறுதல் கூடாது.

இந்திய வரைபடங்களைக் கொண்ட தனிக்கருவிகள் 2000களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தன. 1995இல் தொடங்கப்பட்ட மேப்மைஇந்தியா நிறுவனம் இத்துறையில் முன்னோடி. திறன்பேசி பரவியபின் தனிக்கருவிகளின் சந்தை சுருங்கிவிட்டது. இன்று அந்நிறுவனத்தின் மேப்பிள்ஸ், கூகுள் மேப்சு போன்ற செயலிகளே பரவலாகப் பயன்படுகின்றன. 2021 பிப்ரவரியில் புவியிடத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளை இந்திய அரசு தளர்த்தியது வரைபட உருவாக்கத்துக்குப் பெரிதும் துணைசெய்தது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் தொடங்கப்பட்ட, தன்னார்வலர்கள் உருவாக்கும் கட்டற்ற வரைபடம் ஆகும். பாலத்தின் உயர வரம்பு, எடை வரம்பு, கனரக ஊர்தித் தடை ஆகியவற்றைக் குறிக்க அதில் தனித்தனிக் குறிச்சொற்கள் உள்ளன. அதன் தரவைக் கொண்டு இயங்கும் ஓஎஸ்எம்ஆண்ட் செயலியில் சரக்குந்துக்கான அமைப்பு உள்ளது. ஊர்தியின் அளவுகளை உள்ளிடலாம். மாநிலம் முழுமைக்குமான வரைபடத்தைப் பதிவிறக்கி இணையமின்றிப் பயன்படுத்தலாம். குறை என்னவெனில், இந்தியாவில் உயரக் குறிச்சொல் இடப்பட்ட பாலங்களும் சுரங்கப்பாதைகளும் மிகச் சிலவே. உயரம் குறிக்கப்படாத சுரங்கப்பாதையை, தடையற்றது என்றே அச்செயலி கொள்ளும். ஆனால் இக்குறையை நீக்க நிறுவனம் எதையும் கெஞ்ச வேண்டியதில்லை. சுரங்கப்பாதை முகப்பில் எழுதப்பட்டுள்ள எண்ணைக் கண்ட எவரும் அதனைப் பதியலாம். பதிந்தபின் அவ்வழியே வரும் ஒவ்வொரு லாரிக்கும் அது பயன்படும்.

மின்னிணைப்பும் பொருத்துதலும்

டாடா, அசோக் லேலண்ட் முதலிய நிறுவனங்களின் கனரக லாரிகளில் மின்னமைப்பு 24 வோல்ட் ஆகும்; சிறு சரக்குந்துகளிலும் மகிழுந்துகளிலும் 12 வோல்ட். மகிழுந்துக்கென விற்கும் 12 வோல்ட் மின்னேற்றியை 24 வோல்ட் இணைப்பில் செருகினால் அது எரிந்துபோகலாம். உடன் செல்பேசியும் பழுதாகலாம். "12–24" என்று குறிக்கப்பட்ட மின்னேற்றியையே வாங்கவேண்டும். இரண்டு மின்கலங்களுள் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்து 12 வோல்ட் எடுக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. ஒரு மின்கலம் மட்டும் மிகுதியாகத் தேய்ந்து, நாளடைவில் இரண்டும் கெடுவதற்கு அது வழிவகுக்கும்.

2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்குந்துகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய வண்டிகளே சாலையில் பெரும்பான்மை. அவற்றில் சித்திரை வெயிலில் முகப்புக் கண்ணாடியில் ஒட்டிய செல்பேசி சூடேறித் திரையை மங்கச் செய்யும், சிலவேளை தானே அணைந்துவிடும். தனிக்கருவிகள் இவ்வகையில் சற்று மேலானவை. செல்பேசியைப் பயன்படுத்துவோர், காற்று படும் இடத்தில், கண்ணாடியைவிடத் தாழ்வாகப் பொருத்துதல் நலம். சன்னல் திறந்த அறையின் இரைச்சலில் குரல் கேட்கும் அளவுக்கு ஒலிபெருக்கி வலுவாக உள்ளதா, தமிழில் அறிவிப்பு உண்டா என்பனவும் சிறு செய்திகள் அல்ல. திரையைப் பார்க்கும் ஒவ்வொரு நொடியிலும், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரி ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது.

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. வண்டி ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக்கருவியைப் பயன்படுத்துவது மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்கீழ் இடர்விளைக்கும் ஓட்டுதலாகும். முதன்முறைக் குற்றத்துக்கு 1,000 முதல் 5,000 உரூபா வரை தண்டமோ சிறையோ விதிக்கலாம். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழியறிவதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்த இசைவளிக்கிறது. கையில் பிடித்தபடி வழி பார்ப்பதற்கு இவ்விலக்கைக் காரணமாகக் காட்டுவது அறிவுடைமை ஆகாது.

வாங்குமுன் சோதித்தல்

கடையிலோ, செயலியைப் பதிவிறக்கியவுடனோ சில தேடல்களைச் செய்துபார்த்தால் கருவியின் தகுதி பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். சேதராப்பட்டிலிருந்து மேட்டுப்பாளையம் என இட்டு, புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் பட்டியலில் வருகிறதா எனப் பார்க்கலாம். சேதராப்பட்டிலிருந்து காட்டுப்பள்ளி என இட்டு, மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலையைக் காட்டுகிறதா எனப் பார்க்கலாம். இரவு 9 மணிக்குப் புறப்படுவதாகக் குறித்து, சத்தியமங்கலத்திலிருந்து சாமராசநகருக்கு வழி கேட்கலாம். திம்பத்தைத் தயக்கமின்றிக் காட்டினால் அக்கருவிக்கு லாரி என்பது பெரிய மகிழுந்து மட்டுமே. இறுதியாக, ஓட்டுநர் தமக்கு நன்கு தெரிந்த தாழ்வான சுரங்கப்பாதை ஒன்றின் இருபுறமும் உள்ள இரு ஊர்களை இட்டு, வண்டியின் உயரத்தை 4.4 மீட்டர் எனப் பதிந்து வழி கேட்கவேண்டும். இன்றைய நிலையில் இந்தியாவில் இச்சோதனையில் தேறும் கருவிகள் அரிது. தேறாத கருவியை வாங்குவோர், அத்தகைய சுரங்கப்பாதைகளைத் தாமே தவிர்க்கவேண்டிய இடங்களாகக் கருவியில் குறித்துவைக்க இயலுமா என்பதையாவது உறுதிசெய்துகொள்ள வேண்டும்.